மறுப்பின் ஆயுள்

2007ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று, ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயர் உள்ளாட்சி மன்றத்தைச் சேர்ந்த ஒரு குழு, கோல்ஃப் திடல் ஒன்றுக்கான விண்ணப்பத்தைப் பரிசீலித்தது. விண்ணப்பித்தவர் நியூயார்க்கின் கட்டுமானத் தொழிலதிபரும் பின்னாளில் அமெரிக்க அதிபரானவருமான டொனால்ட் ட்ரம்ப். அவருடைய தாயார் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்தவர். அபர்டீன் நகருக்கு வடக்கே, கடலை ஒட்டிய மெனி என்னும் நிலத்தை அவர் 2006இல் வாங்கியிருந்தார். இரண்டு ஆட்டத் திடல்கள், 450 அறைகள் கொண்ட விடுதி, 950 விடுமுறை இல்லங்கள், 500 வீடுகள் என விரிந்த அத்திட்டத்தின் மதிப்பு 100 கோடி பவுண்டு என்று சொல்லப்பட்டது. வாக்குகள் ஏழுக்கு ஏழு எனச் சமமாயின. குழுத் தலைவர் மார்ட்டின் ஃபோர்டு தமக்குரிய கூடுதல் வாக்கை மறுப்பின் பக்கம் அளித்தார். அனுமதி இல்லை என்று முடிவாயிற்று.

நிலத்தை விலை கொடுத்து வாங்கியவரை, அதில் அவர் விரும்பியதைக் கட்டக்கூடாது என்று தடுக்க ஒரு குழுவுக்கு என்ன உரிமை என்று நமக்குத் தோன்றலாம். அவ்வுரிமை இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய பிரிட்டனில் பிறந்தது. அட்லி தலைமையிலான தொழிற்கட்சி அரசு 1947இல் இயற்றிய நகர, கிராமத் திட்டச் சட்டங்கள் நிலவுடைமையைத் தொடவில்லை. அந்நிலத்தின் பயன்பாட்டை மாற்றும் உரிமையை மட்டும் பிரித்தெடுத்துப் பொதுவில் வைத்தன. வயல் வயலாக இருக்கும்வரை அது உடையவனுடையது; அதை வேறொன்றாக்க வேண்டுமானால் ஊரைக் கேட்க வேண்டும். 1949இல் வந்த இன்னொரு சட்டம், அறிவியல் நோக்கில் அரிய இடங்களை அடையாளம் கண்டு பட்டியலிட வழிசெய்தது. மெனியின் மணற்குன்றுகள் இந்தப் பட்டியலில் இடம்பெற்ற ஃபோவெரன் லிங்க்ஸ் பகுதியின் ஒரு பாகம்.

‘லிங்க்ஸ்’ என்ற சொல்லில்தான் இக்கதையின் முடிச்சு இருக்கிறது. கடலுக்கும் வேளாண் நிலத்துக்கும் இடையில் கிடக்கும் மணற்பாங்கான புல்வெளியை ஸ்காட்லாந்தியர் அவ்வாறு அழைத்தனர். பயிருக்கு உதவாத மண். ஆடு மேயும், முயல் வளை தோண்டும். கோல்ஃப் ஆட்டம் அங்கேதான் வளர்ந்தது. மேடும் பள்ளமும் காற்று வகுத்தவை. மனிதன் செய்தது குழியைத் தோண்டிக் கொடி நட்டது மட்டுமே. ஆகவே மணற்குன்றுக்கும் கோல்ஃபுக்கும் பிறவிப்பகை ஏதுமில்லை. பின்னாளில் நீர்ப்பாசனமும் உரமும் மண்வாரி எந்திரங்களும் வந்தபிறகே உறவு முறிந்தது.

மெனியின் சிறப்பு, அங்கே மணல் ஓடிக்கொண்டிருந்தது என்பது. பழந்தமிழ் நெய்தற் பாடல்களில் ‘எக்கர்’ என்றொரு சொல் வரும். அலையும் காற்றும் குவித்த மணல்மேடு. அத்தகைய பெருமேடு ஒன்று செடிகொடி பிடிக்காமல், காற்றின் போக்கில் ஆண்டுதோறும் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. புவியியலாளர் பாதுகாக்க விரும்பியது அந்த நகர்வைத்தான். ஆனால் ஓடும் மணலில் பந்தாட முடியாது. அதை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு மாரம் புல்லை நட்டால் போதும். பார்வைக்குக் குன்று அங்கேயே இருக்கும், பசுமையாகக்கூட இருக்கும். அதற்குள் இயங்கிவந்தது மட்டும் முடிந்துபோயிருக்கும்.

மறுப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. டிசம்பர் 4 அன்று ஸ்காட்லாந்து அரசு விண்ணப்பத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. டிசம்பர் 12 அன்று மன்றம் கூடி ஃபோர்டைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. 2008 கோடையில் பொதுவிசாரணை நடந்தது. இயற்கைக்கு நேரும் இழப்பை யாரும் மறைக்கவில்லை, பொருளாதார நன்மை அதனினும் பெரிது என்றே தீர்ப்பாயிற்று. நவம்பரில் அனுமதி கிடைத்தது. முதல் திடல் 2012இலும் இரண்டாவது 2025இலும் திறக்கப்பட்டன. 450 அறை விடுதி அதுவரையிலும் எழவில்லை.

இதன் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். மெனிக்கு வடமேற்கே வெகுதொலைவில் சதர்லாந்து மாவட்டம். அங்கே எம்போ என்ற சிற்றூருக்கு அருகில் கூல் லிங்க்ஸ் எனும் மணற்பரப்பு. உலகில் வேறெங்கும் காணப்படாத ஃபொன்சேகா ஈ என்னும் சிறு பூச்சி வாழ்வது அப்பகுதிக் கடற்கரையில்தான். அங்கும் ஒரு கோல்ஃப் திட்டம் வந்தது. அலுவலர்கள் மறுக்கச் சொல்லியும் 2018இல் ஹைலாண்ட் மன்றக் குழு அனுமதித்தது. இம்முறை அரசு தலையிட்டு, 2019இல் விசாரணை நடத்தி, 2020 பிப்ரவரியில் மறுத்தது. வேலைவாய்ப்பைவிட மணற்குன்றுகளின் வாழ்விடம் முக்கியம் என்று எடைபோட்டது.

எம்போ மக்களில் பலர் இதைக் கேட்டுக் கசந்ததை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆட்டுப் பண்ணைகளுக்காக உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து விரட்டப்பட்ட குடிகள் கடலோரத்தில் குடியேறிய ஊர் அது. அன்று ஆட்டுக்காகப் போகச் சொன்னார்கள். இன்று ஈக்காகக் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று அவ்வூரின் ஒருவர் நினைத்தால் அதில் வரலாற்றின் நியாயம் உண்டு. இளையோர் வெளியேறிக்கொண்டிருக்கும் ஊருக்கு வேலை என்பது வெறும் எண்ணிக்கை அல்ல. மறுப்பவர்கள் இந்தக் கடனை உணர்ந்தே மறுக்க வேண்டும்.

ஆனால் அதே 2020 டிசம்பரில் நடந்த இன்னொன்றையும் அருகில் வைத்துப் பார்ப்போம். ஸ்காட்லாந்தின் இயற்கைக் காப்பு அமைப்பு, மெனியின் மணற்குன்றுகளைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலிலிருந்து நீக்கியது. காப்பதற்கு அங்கே எஞ்சியது போதாது என்பதே காரணம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தரப்பட்ட ஓர் அனுமதி தன் வேலையை முடித்துக்கொண்டது.

கூல் லிங்க்ஸோ மறுபடியும் விண்ணப்பத்தைச் சந்தித்தது. 2023 டிசம்பரில் மன்றக் குழு மீண்டும் ஒப்புதல் தந்தது. 2024இல் அரசு மீண்டும் அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 2020இல் சொன்ன மறுப்பு நான்கே ஆண்டுகளில் முதலிலிருந்து வாதிடப்பட வேண்டியதாயிற்று. சட்டம் இரு தரப்புக்கும் ஒரே தராசைத் தருகிறது என்பது உண்மை. ஆயினும் அனுமதி ஒருமுறை கிடைத்தால் போதும். மறுப்பை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்து நாட்களே உயிரோடிருந்தாலும், ஃபோர்டு அளித்த அந்த ஒரு வாக்கை நாம் நினைவில் வைத்திருப்பது அதனால்தான்.