கடைசி அரசரின் கடைசி நாட்கள்

குடும்பத்தோடு ஒரு பெருநகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் கடைசி நாளுக்கென்று பெரிதாக எதையும் வைத்துக்கொள்வதில்லை. முக்கியமானவை எல்லாம் முன்னமே முடிந்துவிடும். விட்டுப்போனவற்றுக்கும் கடைத்தெருவுக்கும் ரயிலுக்கும் இடையே அந்த நாள் கரைந்துபோகும். தில்லியில் எங்களுக்கு அப்படி விட்டுப்போயிருந்தது ஹுமாயூன் கல்லறை. குதுப் மினார், செங்கோட்டை, ராஜ்காட், குடியரசுத் தலைவர் மாளிகையின் வெளிப்புறம் ஆகிய யாவும் முதல் மூன்று நாட்களில் தீர்ந்துவிட்டன. கரோல்பாக் கடைவீதியா கல்லறையா என்று காலையில் ஒரு சிறு விவாதம் நடந்து, இரவு வண்டிக்குள் இரண்டையும் முடிப்பது என்று சமரசமாயிற்று.

இந்தக் கட்டடத்தைத் தாஜ்மகாலின் முன்னோடி என்றே அறிமுகம் செய்கிறார்கள். அது உண்மைதான். அக்பர் காலத்தில், 1560களில், ஹுமாயூனின் மனைவியின் முயற்சியால் எழுந்தது. தாஜ்மகால் தொடங்கப்பட்டதோ 1632இல். சிவப்பு மணற்கல், அதனூடே வெள்ளைப் பளிங்கு, வாய்க்கால்களால் பகுக்கப்பட்ட நாற்புறத் தோட்டம், உள்ளொன்றும் வெளியொன்றுமாய் இரட்டைக் குவிமாடம் என்று கலை வரலாற்றுக்காரர்களுக்கு வேண்டிய அத்தனையும் இங்கே உண்டு. 1993இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் முன்னோடி என்ற ஒற்றைச் சொல்லால் இதற்கு நேர்ந்த அநீதி சிறிதல்ல என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இன்னொன்றை எண்ணிக்கொண்டே எல்லோரும் இதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒரு வம்சத்தின் கதை முடிந்த இடம் இது என்பதைச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை.

1857 மே 11 அன்று மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் செங்கோட்டைக்குள் நுழைந்து, கவிதையும் உருதுப் புலவர்களுமாய் வாழ்ந்திருந்த பகதூர் ஷா ஜாபரைத் தங்கள் தலைவராக்கினார்கள். அவருக்கு அப்போது வயது எண்பத்தொன்று. கோட்டைச் சுவர்களுக்கு வெளியே அவருடைய ஆணைக்கு மதிப்பு போய் நெடுங்காலமாகியிருந்தது. செப்டம்பர் 14 அன்று கும்பினிப் படை நகரத்தைத் தாக்கியது. ஒரு வாரத்துக்குள் நகரம் வீழ்ந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பே ஜாபர் அரண்மனையை விட்டு வெளியேறி, நிஜாமுதீன் தர்காவுக்குப் போய், அங்கிருந்து பக்கத்திலிருந்த தன் முன்னோரின் கல்லறைக்குள் வந்து தங்கினார். ராணி ஜீனத் மகலும் இளவரசர் ஜவான் பக்தும் உடனிருந்தார்கள்.

கல்லறை மேடையில் நின்று இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, படியில் உட்கார்ந்து கால் வலிக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்த பெரியம்மா கேட்டார்: "அவ்வளவு பெரிய ஊர்ல அந்த வயசான மனுஷனுக்கு வேற போக்கிடமே இல்லியாப்பா?" உண்மையில் இல்லை. பாபரின் வழிவந்தவர்கள் நூறு பேருக்கும் மேல் புதைக்கப்பட்ட இடம் இது. உபநிடதங்களைப் பாரசீகத்தில் கொண்டுவந்த தாரா ஷிக்கோவும், 1659இல் தம்பி ஔரங்கசீப்பின் ஆணையால் கொல்லப்பட்டபின், இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். பெயர் பொறிக்கப்படாத கற்களில் எது அவருடையது என்று கண்டறிய மத்திய அரசு 2020இல் ஒரு குழுவை அமைக்க வேண்டியிருந்தது. உயிரோடிருப்பவர்களிடம் அடைக்கலம் கிடைக்காத கிழவர் இறந்த உறவினர்களிடம் வந்தார் என்றுதான் கொள்ள வேண்டும்.

உயிருக்கு உறுதி பெற்றுக்கொண்டு அவர் ஹாட்சன் என்ற குதிரைப்படை அதிகாரியிடம் சரணடைந்தார். அடுத்த நாள், செப்டம்பர் 22 அன்று, ஹாட்சன் மீண்டும் வந்தார். இம்முறை மகன்கள் மிர்சா முகல், மிர்சா கிஸ்ர் சுல்தான், பேரன் மிர்சா அபுபக்கர் ஆகியோருக்காக. அவர்களுக்கு எந்த உறுதியும் தரப்படவில்லை. மாட்டு வண்டியில் ஏற்றி நகரத்தை நோக்கி நடத்திச் சென்று, தில்லி வாயிலுக்குச் சற்று முன்னால் நிறுத்தி, மேலாடைகளைக் களையச் சொல்லி மூவரையும் ஹாட்சன் தன் கையாலேயே சுட்டுக் கொன்றார். உடல்கள் சாந்தினி சௌக்கின் கோத்வாலிக்கு முன்னால் மக்கள் பார்வைக்குக் கிடத்தப்பட்டன. கூட்டம் தாக்க வந்ததாக ஹாட்சன் பின்னர் சமாதானம் சொன்னார். அவருடைய நாட்டவரிலேயே சிலர் அதை ஏற்கவில்லை.

கடைத்தெருவுக்குத் திரும்பும் வழியில் எங்கள் வாடகைக் கார் மதுரா சாலையைக் கடந்து, பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்த ஒரு சாலையில் ஊர்ந்தது. அந்த மாட்டு வண்டி போன தடமும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்க வேண்டும். நடுவே, வாகனங்கள் இருபுறமும் விலகி ஓட, சேர் ஷா காலத்துக் கல்வாயில் ஒன்று தனியே நிற்கிறது. கூனி தர்வாஜா என்று பெயர். நமக்குக் கூனியென்றால் மந்தரைதான். பிள்ளைகளும் அப்படியே சிரித்தார்கள். இந்தியில் அது குருதி வாயில். அந்தச் சாலையின் பெயர் பகதூர் ஷா ஜாபர் மார்க். பிள்ளைகளைக் கொன்ற தெருவுக்குத் தகப்பனின் பெயர். வைத்தவர்கள் மரியாதையாகவே வைத்திருப்பார்கள்.

1858 ஜனவரியில் திவானி காஸில் ஜாபரை நிறுத்தி விசாரித்தார்கள். செங்கோட்டையில் எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி அங்கே மயிலாசனத்தைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசினார். அக்டோபரில் அவரும் எஞ்சிய குடும்பமும் ரங்கூனுக்கு அனுப்பப்பட்டார்கள். அரசர்களை அவரவர் மண்ணிலிருந்து பெயர்த்து வேறெங்கோ நடுவது வெள்ளையருக்குப் பழகிய வேலை. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1832இல் இறந்ததும் வேலூர்ச் சிறைவாசத்தில்தான்.

கல்லறை வளாகத்துக்கு இன்னொரு கடைசி நாளும் உண்டு. 1947இல் இங்கும் அருகிலுள்ள பழைய கோட்டையிலும் பாகிஸ்தான் செல்லக் காத்திருந்த முஸ்லிம் குடும்பங்கள் முகாமிட்டிருந்தன. தில்லியை விட்டுப் போகிறவர்கள் நெருக்கியடித்துத் தங்கியது மறுபடியும் ஹுமாயூனின் தோட்டத்தில்.

ஜாபர் 1862 நவம்பர் 7 அன்று ரங்கூனில் இறந்தார். அன்றே புதைத்து, இடம் தெரியாதபடி மேலே புல் வளரவிட்டார்கள். 1991இல் அங்கு மண்ணைத் தோண்டியபோதுதான் செங்கல் கட்டிய அந்தக் குழி அகப்பட்டது. தனக்கென்று அவர் தேர்ந்து வைத்திருந்த இடமோ தில்லியில், மெஹ்ரௌலியில், ஜாபர் மகலை ஒட்டிய சிறிய அடைப்புக்குள், தந்தை இரண்டாம் அக்பரின் கல்லறைக்கு அருகே இருக்கிறது. குதுப் மினாரிலிருந்து நடந்தே போய்விடலாம். சுற்றுலாப் பேருந்துகள் அங்கே நிற்பதில்லை. ஓராள் அளவு நிலம் அங்கே இன்றும் வெறுமனே கிடக்கிறது.