ஞானசௌந்தரி

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய நாட்களைக் கோல சிலாங்கூர் வட்டாரப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் காலத்துப் படம் ‘ஞானசௌந்தரி’. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகளை இழந்து, மாதாவின் அருளால் மீண்டும் பெற்ற பெண்ணின் கதை. திருச்சபை புனிதராக அறிவித்தவளல்லள் அவள். பக்திக் கதை வளர்த்த புண்ணியவதி.

1948-இல் இதே கதையைச் சென்னையில் இரு நிறுவனங்கள் படமாக்கின. சிட்டாடல் முந்திக்கொண்டது, பின்னால் வந்த ஜெமினி படம் எடுபடவில்லை. பெரிய முதலாளி வாசன் தம் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பணபலம் அங்கே செல்லுபடியாகவில்லை!

சிட்டாடல் படத்தில் மாதாவை வேண்டும் பாட்டு ஒன்று. சிறுமிக்குக் குரல் ஜிக்கி. பாட்டு முடிவதற்குள் சிறுமி குமரியாகிவிடுவாள், குரலும் பி. ஏ. பெரியநாயகியுடையதாகிவிடும். முருகனைக் கும்பிடுகிறவர்களும் அந்தப் பாட்டை மனப்பாடமாகப் பாடினார்கள்.