சாலைக்கு முன் வந்த விமானம்

ஒரு நாட்டில் போக்குவரத்து எவ்வாறு வளர்கிறது? முதலில் ஒற்றையடிப் பாதை, பின்னர் வண்டிப்பாதை, இருப்புப்பாதை, தார்ச்சாலை, கடைசியில்தான் விமானம். பெரும்பாலான நாடுகளில் இதுவே வரிசை. தென் அமெரிக்காவில் உள்ள பொலிவியாவிலோ இந்த வரிசை மாறிப்போயிற்று. கொச்சபம்பா, சாந்தா குரூஸ் என்னும் அந்நாட்டு நகரங்களுக்கிடையே விமானம் பறந்த ஆண்டு 1925. அவற்றை இணைக்கும் நெடுஞ்சாலை முடிவுற்றதோ 1954ஆம் ஆண்டில்! இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அந்த இணைப்பைச் சுமந்தது ஒரு சிறிய விமான நிறுவனம். 'லாய்டு ஏரியோ பொலிவியானோ' என்பது அதன் பெயர்.

பொலிவியாவின் பரப்பு சுமார் 11 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு. 1879இல் தொடங்கிய போரில் சிலி நாட்டிடம் கடற்கரையை இழந்ததால் அதற்குத் துறைமுகம் கிடையாது. மேற்கே ஆண்டிஸ் மலைத்தொடர். கிழக்கே காடுகளும் புல்வெளிகளும். கொச்சபம்பா சுமார் 2,550 மீட்டர் உயரத்தில் உள்ளது. சாந்தா குரூஸ் சுமார் 400 மீட்டர் உயரத்தில் சமவெளியில் உள்ளது. நேர்க்கோட்டில் சுமார் 300 கி.மீ. தொலைவுதான். ஆயினும் கோவேறு கழுதைகளில் மலை இறங்கிச் செல்லப் பல நாட்கள் பிடித்தன. விமானத்துக்கோ ஒரு காலைப்பொழுது போதும்.

உலோகப் பறவை

1925ஆம் ஆண்டு பொலிவியா விடுதலை பெற்றதன் நூற்றாண்டு. அதையொட்டி அங்குக் குடியேறியிருந்த ஜெர்மானியர்கள் யுங்கர்ஸ் எஃப்-13 என்னும் விமானத்தை வரவழைத்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் கொச்சபம்பாவில் நிறுவனம் தொடங்கப்பெற்றது. தென் அமெரிக்காவின் மிகப் பழைய விமான நிறுவனங்களுள் இதுவும் ஒன்று.

1919இல் முதன்முதலாகப் பறந்த எஃப்-13, முழுவதும் உலோகத்தால் ஆன முதல் பயணிகள் விமானமாகும். அக்காலத்து விமானங்கள் பெரும்பாலும் மரச்சட்டமும் துணியும் கொண்டவை. ஈரக்காற்றில் மரம் ஊறும், துணி தளரும். எஃப்-13இன் உடலோ டூராலுமின் என்னும் அலுமினியக் கலப்பு உலோகத்தால் ஆனது. மெல்லிய தகடு வளையாமல் இருக்க அதை அலை அலையாக மடித்திருந்தார்கள். நான்கு பயணிகள்தாம் அமரலாம். ஆனால் காட்டு ஈரத்தையும் மலைக் குளிரையும் அது தாங்கியது.

1932இல் பொலிவியாவுக்கும் பராகுவே நாட்டுக்கும் சாக்கோ பகுதிக்காகப் போர் மூண்டது. 1935 வரை நீடித்த அப்போரில் லாய்டு விமானங்கள் படைவீரர்களையும் பண்டங்களையும் போர்முனைக்குக் கொண்டு சென்றன. காயமுற்றோரைத் திருப்பிக் கொணர்ந்தன. மூன்று எஞ்சின் கொண்ட யுங்கர்ஸ் ஜு-52 விமானங்களும் இப்பணியில் ஈடுபட்டன. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், அரசு நிறுவனத்தை நாட்டுடைமையாக்கி ஜெர்மானியத் தொடர்பைத் துண்டித்தது. பனாக்ரா என்னும் அமெரிக்க நிறுவனம் நிர்வாகத்துக்குத் துணை நின்றது.

மெல்லிய காற்றின் கணக்கு

லாய்டு விமானங்கள் இறங்கிய நிலையங்களுள் கடினமானது லா பாஸ் நகருக்கு மேலே உள்ள எல் ஆல்டோ. அதன் உயரம் 4,061 மீட்டர். அங்குக் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான்.

இறக்கையின் தூக்குவிசை, காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. அடர்த்தி குறைந்தால் வேகத்தைக் கூட்டித்தான் ஈடுசெய்ய வேண்டும். கடல் மட்டத்தில் மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் தரையை விட்டு எழும் விமானம், எல் ஆல்டோவில் 305 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓடியாக வேண்டும். ஓட்டுநரின் வேகமானி மட்டும் பழைய 250ஐயே காட்டும். ஏனெனில் அது அளப்பது மோதும் காற்றின் அழுத்தத்தை. தரைதான் கூடுதல் வேகத்தில் பின்னோக்கி ஓடும்!

மெல்லிய காற்றில் எஞ்சினின் உந்துவிசையும் குறைகிறது. எட்ட வேண்டிய வேகம் அதிகம். தள்ளும் விசை குறைவு. ஆகவே ஓட வேண்டிய தூரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். அங்கு ஓடுபாதை 4,000 மீட்டர் நீளம் இருப்பது இதனால்தான். எடையைக் குறைப்பது மற்றொரு வழி. தொலைதூரம் செல்லும் விமானம் லா பாஸிலிருந்து சிறிதளவு எரிபொருளுடன் கிளம்பி, சாந்தா குரூஸில் இறங்கி, தொட்டியை நிரப்பிக்கொண்டு செல்லும்.

1970இல் லாய்டு வாங்கிய போயிங் 727க்கு மூன்று எஞ்சின்கள். ஓடும்போது ஓர் எஞ்சின் பழுதானால் மூன்றில் ஒரு பங்கு விசைதான் போகும். இரண்டே எஞ்சின் உள்ள விமானத்தில் பாதி போய்விடும். உயர்ந்த நிலையங்களில் இந்த வேறுபாடு உயிர்நாடியானது.

மலை எப்போதும் மன்னித்துவிடவில்லை. 1969 செப்டம்பர் 26 அன்று சாந்தா குரூஸிலிருந்து லா பாஸுக்கு வந்த லாய்டின் டிசி-6 விமானம் மலையில் மோதி 74 பேர் மாண்டனர். 'தி ஸ்ட்ராங்கஸ்ட்' என்னும் புகழ்பெற்ற கால்பந்துக் குழுவினரும் அதில் இருந்தனர்.

தரையில் தோற்ற கணக்கு

1995இல் அரசு, நிறுவனத்தின் ஏறத்தாழப் பாதிப் பங்கை நிர்வாகத்துடன் பிரேசிலின் வாஸ்ப் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. சில ஆண்டுகளில் அது மீண்டும் கைமாறியது. கடன் பெருகிற்று, ஊழியர் வேலைநிறுத்தங்கள் வந்தன. 2007இல் முறையான சேவைகள் நின்றுபோயின. அரசு தோற்றுவித்த 'பொலிவியானா தெ அவியாசியோன்' என்னும் புதிய நிறுவனம் 2009இல் பறக்கத் தொடங்கியது.

ஆண்டிஸ் மலையின் மெல்லிய காற்றை 80 ஆண்டுகளுக்கு மேல் கணக்கிட்டுப் பறந்த நிறுவனம், வரவு செலவுக் கணக்கில் வீழ்ந்தது. எடைக்கேற்ற விசை இல்லாமல் விமானம் எழாது. செலவுக்கேற்ற வரவு இல்லாமல் நிறுவனம் நிலைக்காது. ஆயினும் சாலை வருவதற்கு முந்தைய அந்த 29 ஆண்டுகளில் மலையையும் சமவெளியையும் ஒரே நாடாகக் கட்டியதில் அச்சிறு விமானங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதை எந்தக் கடன் பத்திரமும் அழித்துவிட முடியாது.