பல் சொன்ன வயது

வேலையில் சேருமுன் மருத்துவரிடம் சென்று, நாக்கை நீட்டி, மூச்சை இழுத்துவிட்டு, ‘உடல் தகுதி உண்டு’ என்ற ஒற்றை வரிக்குக் கையெழுத்து வாங்கி வந்தவர்கள் நம்மில் பலர். அந்தத் தாளைக் கேட்பவர் முதலாளி. அது காப்பதும் பெரும்பாலும் அவரைத்தான். ஆனால் அதன் மூதாதையருள் ஒன்று, முதலாளியிடமிருந்து தொழிலாளியைக் காப்பதற்காகப் பிறந்தது. அந்தத் தொழிலாளி ஆலைவாசலில் நின்ற குழந்தை.

1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய ஆலைச் சட்டம், நூல், நெசவு ஆலைகளில் 9 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைக்கலாகாது என்றது. (பட்டாலைகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. பட்டுக்கு எப்போதுமே தனி மரியாதை போலும்.) 9 முதல் 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 9 மணி நேரம், அதற்கு மேல் 18 வரை 12 மணி நேரம். இவற்றைக் கண்காணிக்க நாடு முழுவதற்குமாக நான்கே ஆய்வாளர்கள் அமர்த்தப்பட்டனர்.

சட்டம் முழுவதும் ஒரே கேள்வியில் தொங்கியது: இந்தக் குழந்தைக்கு வயது என்ன? அதற்கு விடை சொல்ல இங்கிலாந்திடம் ஏடு இல்லை. அரசின் பிறப்புப் பதிவு அங்கே தொடங்கியது 1837 ஜூலை 1-ஆம் நாள்தான். அன்று பிறந்த குழந்தைக்கு 13 வயது நிறைய 1850 வரை காத்திருக்க வேண்டும். தேவாலயப் பதிவேடுகள் இருந்தன. ஆனால் அவை குறித்தது ஞானஸ்நானம் பெற்ற நாளை, பிறந்த நாளை அன்று. பிழைப்புத் தேடி ஆலை நகரங்களில் குவிந்த குடும்பங்களுக்கு அந்த ஏடும் எங்கோ தொலைவில் கிடந்தது.

எனவே சட்டம் மருத்துவரை அழைத்தது. குழந்தையை நேரில் பார்த்து, 9 வயதுக்குரிய இயல்பான வலிமையும் தோற்றமும் அதற்கு உண்டு என்று அவர் எழுதித் தரவேண்டும். காலக்கணக்கான வயது இவ்விதம் தோற்றக்கணக்காயிற்று. அந்த வட்டாரத்து மருத்துவர் எவரும் எழுதலாம் என்றிருந்தமையால், இணக்கமான மருத்துவரைத் தேடிப் பிடிப்பது முதலாளிக்குக் கடினமாக இருக்கவில்லை. தம்பிக்கான சான்றிதழுக்கு அண்ணன் போய் நின்றான். ஒருவர் சான்றிதழ் இன்னொருவர் கைக்கு மாறிற்று. பெற்றோரும் இதற்கு உடந்தையாயினர். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. குழந்தை கொண்டுவந்த சில்லறையையும் சேர்த்தே பல வீடுகளில் அடுப்பு எரிந்தது.

ஆய்வாளர்கள் நால்வருள் ஒருவரான லெனார்ட் ஹார்னர், உயரத்தை அளவுகோலாகக் கொள்ள முனைந்தார். அவர் நிலவியலாளர் என்பதை நினைத்தால் சிறிது வியப்பாக இருக்கிறது. பாறைகளின் காலத்தைப் பற்றிச் சிந்தித்தவருக்கு எதிரே நின்ற சிறுவனின் வயது பிடிபடவில்லை. உயர அளவுகோல் ஏழைக்கு எதிராகவே சாய்ந்தது. நன்றாக உண்டு வளர்ந்த 11 வயதுப் பையன் 13 என்று தேறிவிடுவான். அரைவயிற்றில் வளர்ந்த 13 வயதுப் பையனோ குட்டையாக நிற்பான், கூலியும் குறையும்.

1837-இல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் நாடாளுமன்ற உறுப்பினர்களை நோக்கி ஒரு சிறுநூல் வெளியிட்டார். வயதுக்கு நம்பகமான சாட்சி பல்லே என்பது அவர் வாதம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் வாய்களைத் திறந்து பார்த்து அவர் இதைச் சொன்னார். முன்வெட்டுப் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் வந்துவிட்டனவா என்று பார்த்தால் 9 வயது தெரியும். இரண்டாம் கடைவாய்ப்பல் முளைத்திருந்தால் 13-ஐ அணுகிவிட்டது எனலாம். பசி உடலின் வளர்ச்சியைக் குறுக்கும் அளவுக்குப் பல் முளைக்கும் முறையைக் குலைப்பதில்லை. அவர் சொன்னது பெருமளவு சரியே. வயது அறியப் பல்லை நாடும் வழக்கம் தடயவியலில் இன்றும் இருக்கிறது. பின்னாளில் விக்டோரியா அரசியாரின் பல் மருத்துவராகி, 1883-இல் ‘சர்’ பட்டமும் பெற்றார். அவர் வகுத்த முறையைப் படிக்கையில், சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கும் தரகனின் கை நமக்கு நினைவில் வராமல் போவதில்லை.

ஆனால் நம்மை உறுத்துவது அந்த ஒப்புமை மட்டுமன்று. வாயைத் திறக்கச் சொன்னவர் பல்லைத் தாண்டி எதைப் பார்க்க நேர்ந்தது? பஞ்சுத்தூசியால் கரகரத்த மூச்சு, நின்றே வளைந்த கால் ஆகியவை வயதுக்குச் சான்று ஆகா. நோயோ உடற்குறையோ உடைய பிள்ளைக்குச் சான்றிதழ் மறுக்க மருத்துவருக்குத் தெளிவான அதிகாரம் 1844-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. சான்றளிக்கும் மருத்துவரை ஆய்வாளரே அமர்த்தும் முறையும் அதனுடன் வந்தது. அதே சட்டம் குறைந்த வயதை 9-இலிருந்து 8-ஆகத் தாழ்த்தியது. ஈடாக வேலைநேரத்தை ஆறரை மணியாகக் குறைத்தது. மருத்துவரின் கட்டணத்தை அப்போதும் ஆலைமுதலாளியே கொடுத்தார்.

இந்த ஏற்பாடு கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. இந்திய ஆலைகளின் போட்டியைக் கண்டு லங்காஷயர் முதலாளிகள் கொடுத்த நெருக்குதலுக்கு அதில் பங்குண்டு; கருணையும் சில நேரங்களில் கணக்கோடுதான் வருகிறது. 1881-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைந்த வயது 7, 1891-இல் 9, 1922-இல் 12. இங்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. இங்கும் பிள்ளைகள் இரண்டு பெயர்களில் இரண்டு சான்றிதழ் பெற்று, ஒரே நாளில் இரண்டு ஆலைகளில் உழைத்தனர். அனுமதித்த பெற்றோரைத் தண்டிக்கத் தனி விதியே செய்ய நேர்ந்தது.

விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குறைந்த வயதை 14 ஆக்கியது. சான்றளிக்கும் மருத்துவரை விடவில்லை; அவர் வயதோடு உடல் தகுதியையும் பார்க்கவேண்டும், அவர் தரும் சான்றிதழ் 12 மாதங்களுக்கே செல்லும் என்றது. சான்றிதழைக் குறிக்கும் வில்லையை வேலை செய்கையில் இளைஞர் உடன் வைத்திருக்க வேண்டும். கட்டணம் ஆலை நடத்துபவருடையது. அதை அந்த இளைஞரிடமிருந்தோ, பெற்றோரிடமிருந்தோ, காப்பாளரிடமிருந்தோ திரும்பப் பெறலாகாது என்றும் அச்சட்டம் எழுதி வைத்தது.