பட்டாணி முளைத்த தேதி

1766 மார்ச் 30. வர்ஜீனியாவில் 22 வயது இளைஞர் ஒருவர் தன் நோட்டுப் புத்தகத்தில் ஊதா நிற ஹயசிந்த் பூக்க ஆரம்பித்ததைக் குறித்து வைக்கிறார். பிற்பாடு அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி ஆன தாமஸ் ஜெஃபர்சன்தான் அவர். அந்தத் தோட்டக் குறிப்பேட்டை விட்டுவிட்டு 1824 வரை எழுதினார்.

இந்த மாதிரி புத்தகங்கள் மேல் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. கதை கிடையாது, வெறும் பட்டியல். ஆனா எழுதினவரைப் பட்டியல் காட்டிக்கொடுக்கிற அளவுக்குச் சுயசரிதைகள் காட்டிக்கொடுப்பதில்லை.

சார்லட்ஸ்வில் ஊருக்கு வெளியே, ஒரு குன்றின் உச்சியைச் சமன் செய்து அவர் கட்டிய வீடு மாண்டிசெல்லோ. இத்தாலிய மொழியில் 'சின்ன மலை' என்று அர்த்தம். வசந்தம் வந்தால் குறிப்பேட்டில் கட்டங்கள் நிரம்பும். என்ன விதை, எந்தப் பாத்தி, எப்போது விதைத்தது, எப்போது சாப்பாட்டு மேசைக்கு வந்தது. பொய்த்துப்போனதையும் மறைக்காமல் எழுதுவார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். பட்டாணி என்றால் அவருக்கு உயிர். வசந்தத்தில் முதல் பட்டாணியை யார் மேசைக்குக் கொண்டுவருவது என்று அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்குள் போட்டியே நடக்குமாம். ஜெயித்தவர் மற்றவர்களுக்கு விருந்து வைக்கணும்.

சரி, விதைச்சது யாரு? அதுக்குக் கட்டம் இல்லை.

மனிதர்கள் அந்த நோட்டில் வருகிறார்கள், ஆனால் வேறு விதமாக. 1772இல் ஜூலியஸ் ஷார்ட் என்ற ஒரு தொழிலாளி இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் மண் நிரப்ப எத்தனை நிமிஷம் எடுக்கிறார், 30 கஜம் தள்ளிப்போக எத்தனை நிமிஷம் என்று ஜெஃபர்சன் கணக்கெடுக்கிறார். மூன்று நிமிஷம், ஒன்றரை நிமிஷம். அந்த வரியில் ஆளின் பெயரைவிட நிமிஷம்தான் முக்கியம்.

அவர் கட்டிய காய்கறித் தோட்டம் 1000 அடி நீளம், 80 அடி அகலம். மலைச்சரிவை வெட்டி, மண்ணை நிரப்பி, கல்சுவர் எழுப்பினார்கள். வெட்டியவர்கள் அடிமைகள். வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அவர் உடைமையாக வைத்திருந்தார். 'எல்லா மனிதரும் சமம்' என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய அதே ஆள்தான்.

1807 வசந்தத்தில் வீட்டைச் சுற்றி நீள்வட்டப் பூப்பாத்திகள் போட்டார்கள். ஜூனில் ஜெஃபர்சன் வாஷிங்டனில் இருந்தார். புல்வெளியைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் ஒரு பாதையைப் படமாக வரைந்து, 16 வயதுப் பேத்தி ஆனுக்குக் கடிதம் எழுதினார். மண்ணைக் கிளறி, கிழங்கை நட்டு, விதையைத் தூவும் வேலை வோர்ம்லி ஹியூஸுடையது. 1781இல் அடிமையாகப் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது ஆணிப் பட்டறையில் வேலை. தோட்ட வேலையை அங்கே இருந்த ஸ்காட்லாந்துக்காரத் தோட்டக்காரரிடம் பழகினார்.

1826 ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் இறந்தபோது குழி தோண்டியதும் வோர்ம்லிதான். உயில் ஐந்து பேரை விடுவித்தது. அதில் அவர் பெயர் இல்லை. குடும்பத்தார் அவரை வாய்மொழியாக விட்டுவிட்டார்கள். கடன் மலைபோல் கிடந்தது. 1827 ஜனவரியில் 130 பேர் ஏலத்துக்கு வந்தார்கள். வோர்ம்லியின் மனைவி அர்சுலாவும் பிள்ளைகளும் அந்த ஏலத்தில் விற்கப்பட்டார்கள். ஜெஃபர்சனின் பேரன் ஒருவர் பிற்பாடு அர்சுலாவையும் சில பிள்ளைகளையும் விலைக்கு வாங்க, அந்தக் குடும்பத்தில் கொஞ்சமாவது ஒன்றுசேர்ந்தது. 'வாங்க' என்ற சொல்லை எழுதும்போதே கை கூசுது. ஆனா நடந்தது அதுதான்.

1850களில் ஜெஃபர்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுத வந்த ஹென்றி ராண்டால், வயதான வோர்ம்லியைத் தேடிப்போய்ப் பேசினார். ஜெஃபர்சனின் குதிரைகளைப் பற்றியெல்லாம் அவர் சொன்னார். புத்தகம் 1858இல் முடிந்தது. அந்த வருஷம்தான் வோர்ம்லியும் போய்ச் சேர்ந்தார்.

பூப்பாத்திகள் எப்போதோ புல்லுக்கு அடியில் போயிருந்தன. 1939இல் வர்ஜீனியா தோட்டச் சங்கத்தார் தோட்டத்தைப் பழையபடி அமைக்க இறங்கியபோது, பாதை எந்த இடத்தில் இருந்தது என்று தேடவேண்டி வந்தது. ராத்திரியில் கார்களின் முகப்பு விளக்கைப் புல்வெளிமீது சாய்வாக அடித்துப் பார்த்தார்கள். மண் லேசாகத் தாழ்ந்த இடமெல்லாம் நிழல் விழுந்தது. அந்த நிழலைத் தொடர்ந்துபோய்த்தான் பாதையையும் அதன் ஓரத்துப் பாத்திகளையும் மறுபடி போட்டார்கள்.