கட்டை அடுக்கிய ஊர்

1922இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரி குரோசுக்கு, அதாவது பன்னிரண்டு டஜன் பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் ஆனது. பெட்டிக்கு 2 தம்பிடி. ஜப்பான் பெட்டி விலை ஏறியதும் உள்ளூரில் செய்பவனுக்கு வழி பிறந்தது. அதே ஆண்டில்தான் எங்கள் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழில் கற்க கல்கத்தா போனார்கள். ஜப்பானியர்களிடம் பழகிய சிறு பட்டறைகள் அங்கே இருந்தன. சில மாதம் இருந்து பார்த்துவிட்டு, 1923இல் திரும்பி வந்து தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். அணில் மார்க், காக்கா மார்க் பெட்டிகள் எல்லாம் பிறகு வந்தவை.

அதே 1923இல் ஸ்வீடன்காரர்களின் விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி பெரும் இயந்திரங்களோடு இந்தியாவில் இறங்கியது. கையால் செய்கிறவர்கள் அதை எதிர்த்து எப்படி நின்றார்கள்? கூலி மலிவு என்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதி, வேலையைத் துண்டு துண்டாக நறுக்கியதில் இருக்கிறது. கேரளத்து மரக்குச்சி வரும். அதைக் கட்டையில் அடுக்க ஒருத்தி, மருந்தில் முக்க ஒருவர், அடிப்பெட்டி ஒட்ட ஒரு வீடு, மேல்பெட்டி ஒட்ட இன்னொரு வீடு. எந்தத் துண்டையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே பழகிவிடலாம். என் அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை; அவளும் என் அக்காவுக்குச் சொல்லித்தரவில்லை. கை பார்த்துக் கை கற்றது.

சுதந்திரத்துக்குப் பின் கலால் வரி சிறிய ஆலைகளுக்குக் குறைவாக வைக்கப்பட்டது. அதனால் ஒரே ஆலை பெருப்பதைவிட நாலு ஆலையாகப் பிரிவது லாபமாக இருந்தது. கணக்கு எழுதியவர் தனியாகத் தொடங்கினார், மருந்து அரைத்தவர் தனியாகத் தொடங்கினார். தொழில் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் போனது.

நான் அச்சாபீஸ்காரன், ஆகவே இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன்: தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால்தான் இங்கே அச்சு வந்தது. அப்போது கல்லச்சு. விரலளவு தாளில் நாலைந்து நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். ஒன்றின்மேல் ஒன்று இம்மியும் பிசகாமல் உட்கார வேண்டும். பிசகினால் அணிலுக்கு இரண்டு வால். அதில் பழகிய கைக்கு ஆளுயர முருகன் படம் பெரிய விஷயமா? லேபிளிலிருந்து காலண்டர், காலண்டரிலிருந்து டைரி, நோட்டு. கல் போய் ஆஃப்செட் வந்தபோதும் பழைய ஆட்களே அதன் முன் நின்றார்கள். சிவகாசியைக் ‘குட்டி ஜப்பான்’ என்று நேரு சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு.

பட்டாசும் தீப்பெட்டியிலிருந்துதான் கிளைத்தது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் கட்டாயமானது. அதன்பிறகே பட்டாசு ஆலைகள் ஊன்றின. ஆனால் தீப்பெட்டிப் பழக்கம் பட்டாசுக்குச் செல்லாது. தீக்குச்சி மருந்தில் குளோரேட்டும் கந்தகமும் வஜ்ஜிரத்தோடு ஈரமாகக் குழைகின்றன. உலர்ந்த கலவையில் அதே இரண்டும் லேசாக உரசினாலே வெடிக்கும். பட்டாசில் அந்தக் கலவை தடைசெய்யப்பட்டதற்குக் காரணம் அதுதான். இது கை பார்த்துக் கற்கிற விஷயம் அல்ல. யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். துண்டு துண்டாய் வேலை கற்ற ஊரில் முழுதாகச் சொல்லித்தர யாருக்கும் அவசியம் வரவில்லை. முதலாளிகளுக்கு அதில் அக்கறையும் குறைவு என்பது என் எண்ணம்.

ஒரே நாளில் பழகும் வேலை என்பதால்தான் குழந்தைகளும் உள்ளே இழுக்கப்பட்டார்கள். விடியுமுன் வேன் வந்து கிராமம் கிராமமாக அள்ளிப் போகும். சிவகாசிக் குழந்தைகள் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996இல்தான் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்றது.

ஆபத்தைச் சொல்லித்தராத குறை ஆலைக்கு வெளியேயும் இருந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்து முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்ததில் 30 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்களே அல்ல. முதல் வெடிச் சத்தம் கேட்டு, உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்த சுற்றுவட்டாரத்து ஜனங்கள்.