கர்ப்பகால மனச்சோர்வு: கார்டிசோல் அளவு மட்டுமே சான்றாகாது

கர்ப்ப காலத்தில் கார்டிசோல் எனப்படும் மன அழுத்த ஹார்மோனின் அளவு படிப்படியாக உயர்ந்து, கடைசி மூன்று மாதங்களில் வழக்கத்தைவிட இரண்டு முதல் மூன்று மடங்கை எட்டுகிறது. இது இயல்பான மாற்றமே. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி, தாயின் கார்டிசோலில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்து கருவைப் பாதுகாக்கிறது.

எனவே, ரத்தத்தில் கார்டிசோல் அதிகமாக இருப்பதைக் கொண்டு மட்டும் மனச்சோர்வை உறுதிசெய்ய இயலாது. 1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோலின் 10 கேள்விகள் முதற்கட்டப் பரிசோதனைக்குப் பயன்படுகின்றன.

சோகமும் ஆர்வமின்மையும் இரண்டு வாரங்களுக்கு நீடித்தால், கர்ப்பத்தில் வருவதுதான் என ஒதுக்காமல் மருத்துவரை அணுக வேண்டும். ஏற்கெனவே உட்கொள்ளும் மனநல மருந்துகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-இல் 24 மணி நேரமும் இலவச ஆலோசனை பெறலாம்.